அறுபத்து மூன்றாம் எண் மரம்

உன் மகள் அனுப்பிய உறை நேற்று வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. பழைய நாட்காட்டித் தாளில் சுற்றிய ஓர் அலுமினியத் தகடு மட்டும். இரண்டு விரல் அகலம், மூலையில் ஓட்டை, ஓட்டையில் இன்னும் முறுக்கு அவிழாத துண்டுக் கம்பி. ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எண்: 63. குத்தியவள் நான்தான். மூன்றின் வாலில் ஒரு புள்ளி தடம் மாறிப் போயிருக்கும். அதற்காக நீ ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தாய்.

உடனே உன் மகளைப் போனில் கூப்பிட்டேன். "சாவி மாட்டுற ஆணியிலதான் பெரியம்மா எப்பவும் தொங்கிக்கிட்டு இருக்கும். நான் போனப்புறம் இத அவளுக்கு அனுப்பிடுன்னாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன். அவளுக்குத் தெரியும்னாங்க" என்றாள்.

தெரியும்டி. தெரியாமல் என்ன!

இங்கே நியூசிலாந்தில் இப்போது குளிர்காலம். நம் ஊரில் ஆடிக்காற்று புழுதியை வாரி அடிக்கும் நேரத்தில் இங்கே புல்லின் மேல் உறைபனி. ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்கள், வரிசை வரிசையாக, நான் கூட இருந்து நட்டவை. இத்தனை வருடமும் எனக்கு இவற்றோடுதான் ஊழியம். எவ்வளவு நெருக்கி நடுவது, எந்த வயதில் எத்தனையைக் களைந்து எடுப்பது, எதுவரைக்கும் கிளை கழிப்பது, கழித்தால் எவ்வளவு பருக்கிறது. ஒரு முறை போனில் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னபோது நீ கேட்டாய்: "அங்க போயும் மரத்துக்கு இடுப்பளவு எடுத்துக்கிட்டுத்தான் இருக்கியா? அதுக்குப் பட்டுக்கோட்டையிலேயே டைலர் கடை வச்சிருக்கலாம்டி."

வந்த புதிதில் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பைன் ஊசி ஒன்றைப் பறித்து நடுவில் இழுத்துப் பார்த்தேன். சவுக்கு ஊசி கணுக் கணுவாக இருக்கும். ஓர் இடத்தில் இழுத்துப் பிரித்துவிட்டு மறுபடி செருகிவிட்டால் பிரித்த இடம் தெரியாது. "எங்க ஒட்டுனேன், சொல்லு" என்று எங்கள் பள்ளிக்கூடத்திலும் விளையாடியிருக்கிறோம், உங்கள் பள்ளிக்கூடத்திலும் விளையாடியிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பஸ் வரும்வரை நாம் இரண்டு பேரும் அதைத்தான் விளையாடினோம். பைன் ஊசிக்குக் கணு கிடையாது. அறுந்தால் அறுந்ததுதான். அன்றைக்கு ஊர் ஞாபகம் வந்து, காட்டுக்குள் தனியாக நின்று அழுதேன்.

நம் இருவருக்கும் அப்போது பதவிப் பெயர் ஒன்றே: தற்காலிகக் களப் பணியாளர். ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். தெருவுக்கு ஒருவன் சிங்கப்பூரிலும் இரண்டு பேர் துபாயிலும் இருந்தார்கள். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பயிர் காய்ந்துவிடும். காகித ஆலைக்குச் சவுக்கு வேண்டும் என்று லாரிகள் வர ஆரம்பித்ததும், மணற்பாங்கான நிலம் வைத்திருந்தவர்கள் நெல்லை விட்டுவிட்டுச் சவுக்குக்கு மாறினார்கள். மாறியவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: கன்றுக்குக் கன்று எத்தனை அடி விடுவது? நெருக்கி நட்டால் உயரமாகப் போகும், பருக்காது. தள்ளி நட்டால் பருக்கும், நிலம் வீண். மூன்றடி, ஐந்தடி, ஏழடி என்று மூன்று விதமாக நட்டு, அறுவடை வரை அளந்து, பதில் சொல்வதுதான் நம் வேலை.

அதிராம்பட்டினம் போகும் சாலையில், நிலத்தைக் கொடுத்தவர் ஒரு கப்பல்காரக் குடும்பத்துப் பாய். வாரம் ஒருமுறை வந்து வரப்பில் நின்று, "என்னம்மா, மூணா அஞ்சா? ஊரே எங்கிட்ட கேக்குது. நீங்க சொல்ற சொல்லுலதான் இருக்கு" என்பார். உனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. "நம்ம தப்பா அளந்தா இத்தன பேரும் தப்பா நடுவாங்கடி" என்று அடிக்கடி சொல்வாய். நான் அவ்வளவெல்லாம் யோசித்ததில்லை. எனக்கு வெளிநாட்டில் படிக்க விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு ஓர் ஆய்வறிக்கையில் என் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான் என் கவலை.

மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க இருக்கும் விதி. எல்லா மரத்துக்கும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்று ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் பனைமரம். நீ நாலே முக்கால் அடி. முதல் நாள் குச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரு நெஞ்சுடி? வெள்ளக்காரன் நெஞ்சா? எனக்கு மூக்குக்கு வருதே!" என்றாய். அதன் பிறகு உனக்கு அதற்குப் பெயரே மூக்குக் குச்சி. நீ டேப்பைச் சுற்றி அளவு சொல்வாய், நான் எழுதுவேன். நீ சொல்லும்போதே மரத்துக்கு ஒரு தட்டு தட்டுவாய். நன்றாகப் பருத்திருந்தால் இரண்டு தட்டு.

ஓர வரிசையை அளக்கக் கூடாது என்று, ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த சார் சொன்ன அன்று நீ கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. ஓரத்து மரத்துக்கு ஒரு பக்கம் போட்டி இல்லை, வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் அது எப்போதும் கொழுத்துவிடும், கணக்கில் சேர்த்தால் கணக்கு கெடும் என்றார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பிறகு என்னிடம், "ஊர்ல ஓரத்துல கெடக்குறவன் எலும்பும் தோலுமா இருக்கான். மரத்துல மட்டும் ஓரத்துல இருக்கறது கொழுக்குதாம்டி! ஆனா ரெண்டு எடத்துலயும் கணக்குல மட்டும் சேக்க மாட்டாங்க" என்றாய். நான் தஞ்சாவூரில் லுத்தரன் பள்ளி வாத்தியார் வீட்டுப் பெண். எனக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. உன் தெரு, தோப்பு இருந்த ஊரின் கடைசி ஓரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தத் தெருவின் முதல் பட்டதாரி நீ.

உன் அப்பா பாதி ஆயுசு அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர். சாயங்காலத்தில் நம் தோப்புப் பக்கம் வந்து நிற்பார். தகடு கட்டுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "மரத்துக்கு எதுக்கும்மா நம்பரு? அது யாருன்னு அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நீ, "அதுக்குத் தெரியும்ப்பா, இவளுக்குத்தான் தெரியாது" என்று என்னைக் காட்டினாய். அவர் சிரிக்கும்போது தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

அவர் அந்தக் கார்த்திகையில் இறந்துபோனார். மூன்று நாள் விடாத மழை. நான் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, அதற்கடியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மழை தாரை தாரையாக ஒழுகியது. நீ தலைமாட்டில் இருந்தாய். நான் ஓர் ஓரமாக, ஒரு பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்தேன். பச்சைச் சவுக்குக் கால், பட்டையே உரிக்கவில்லை, முதுகில் ஈரம் ஊறியது. நீ அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து என் தலைக்கு மேலே எதையோ பார்த்தாய். மழையைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் ஊரில் சாவு வீட்டுப் பந்தலுக்குக் கால் வெட்ட யாரிடமும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கல்யாணத்துக்கென்றால் கேட்டு வெட்ட வேண்டும். சாவுக்கு யார் தோப்பிலும் வெட்டலாம். கேட்டால் அந்த வீட்டுக்கும் ஆகாது, மரத்துக்காரனுக்கும் ஆகாது. பிறகு கருமாதிக்குச் சொல்லும்போது, உங்க தோப்புல அஞ்சு கால் எடுத்தோம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் முறை. மழையில் தூரமாகப் போக முடியாத தெருப் பையன்கள் வாய்க்காலைத் தாண்டியதும் முதலில் தெரிந்த தோப்பில் வெட்டியிருக்கிறார்கள். அது நம் தோப்பு. ஐந்தடிப் பாத்தியின் நடுவில் ஐந்து மரங்கள். பையன்கள் தகட்டைக்கூடக் கழற்றவில்லை. நீ என் தலைக்கு மேலே பார்த்தது 63.

அடுத்த வாரம் அளவெடுக்கும் நாள். உனக்கு விடுப்பு. நான் போயிருக்க வேண்டும். நான் பாஸ்போர்ட் விஷயமாகத் திருச்சிக்குப் போய்விட்டேன். "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன். வீட்டுல உக்காந்திருந்தா அப்பா ஞாபகமாவே இருக்கு" என்று நீதான் அனுப்பி வைத்தாய். வருகைப் பதிவில் மறுநாள் நான் முந்தின நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். வெட்டிய அடிக்கட்டைகளை நீ தனியாகப் பார்த்திருக்கிறாய். சாருக்குத் தெரிந்தால் போலீஸ் என்பார், பையன்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்திருக்கிறாய். காலிலிருந்து கழற்ற முடிந்த நான்கு தகடுகளைக் கொண்டுபோய் ஓர வரிசை மரங்கள் நான்கில் கட்டினாய். 63 பந்தலிலேயே இருந்தது. அதற்கு ஓர் எண்ணெய் டின்னை வெட்டித் தகடு செய்து ஐந்தாவதில் கட்டினாய். அடியே, ஓர வரிசையை ஏன் அளக்கக் கூடாது என்று அத்தனை தெளிவாகப் புரிந்துகொண்டவள், கடைசியில் ஓர வரிசையிலேயே போய்க் கட்டினாயே!

மூன்று மாதம் கழித்து வரைபடத் தாளில் புள்ளி வைக்கும்போது கண்டுபிடித்தேன். ஐந்து மரங்கள் மட்டும் ஒரே எட்டில் பருத்திருந்தன. தோப்புக்குப் போனேன். கடல் காற்றில் அலுமினியம் துருப்பிடிக்காது. ஓர வரிசையில் 63 துருவேறித் தொங்கிக்கொண்டிருந்தது.

நீ எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னாய்.

"அப்ப திருட்டுதானே இது?" என்றேன். எனக்கு ஆத்திரம். விண்ணப்பம் அனுப்ப ஒரு மாதம்கூட இல்லை.

உன் முகம் அப்படியே நின்றுபோனது. "தகட மாத்திக் கட்டுனது என் தப்பு. அத என்ன வேணா சொல்லு. வெட்டுனத திருட்டுங்காத. எங்கப்பா மேல மழ விழுவக்கூடாதுன்னு வெட்டுனாங்க."

"கேக்காம வெட்டுனா அதுக்குப் பேரு என்ன?"

"நீ அந்தக் காலுலதானடி சாஞ்சு உக்காந்திருந்த."

நீ டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தாய். "மரம் இல்லன்னா இல்லன்னு எழுது. ஏன் இல்லன்னும் எழுது. ரெண்டும் எழுதுனாதான் கணக்கு" என்றாய்.

மறுநாள் நீயே சாரிடம் போனாய். வெட்டச் சொன்னதும் நான்தான், தகடு மாற்றியதும் நான்தான் என்றாய். முதல் பாதி பொய். அவர் என்னைப் பார்த்து, "அளந்த அன்னைக்கு நீ எங்கம்மா இருந்த?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "கூடத்தான் இருந்தா சார். நான் சொல்லச் சொல்ல எழுதுனா, மரத்த அவ பாக்கல" என்றாய். இது இரண்டாவது பொய். ஒன்று பையன்களுக்காக, ஒன்று எனக்காக. நான் தலையை ஆட்டினேன். பேசக்கூட இல்லை, வெறுமனே தலையை ஆட்டினேன். பையன்கள் மேல் எதுவும் வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டதால் போலீஸ் வரவில்லை. உன் வேலை அன்றைக்கே போயிற்று.

அதன் பிறகு செய்ததைத்தான் எனக்கு நானே இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்த ஐந்து மரங்களையும் கணக்கிலிருந்து நீக்கினேன், அது சரி. விவசாயிகளுக்காகத் தமிழில் அச்சிட்ட சிறு புத்தகத்தில், அட்டவணைக்குக் கீழே காரணம் எழுத வேண்டியிருந்தது. "இழப்புன்னு போடும்மா, போதும்" என்றார் சார். நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இழப்பு என்றால் எப்படி என்று யாராவது கேட்பார்கள். அன்றைக்கு யார் இருந்தார்கள், எப்படிக் கவனிக்கவில்லை என்று பேச்சு வளரும். திருட்டு என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அதனால் எழுதினேன்: "ஐந்து மரங்கள் திருட்டுப் போனதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை." நீ வேண்டாம் என்று கேட்ட அதே வார்த்தை. அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் எனக்கு இடம் கிடைத்தது. விமானம் ஏறிவிட்டேன்.

நீ சும்மா இருக்கிற ஆளா? வாய்க்காலோரத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சவுக்கு நாற்றங்கால் போட்டாய். கன்று வாங்க வருகிறவர்களிடம் எத்தனை அடி விடுவது, எப்போது கிளை கழிப்பது என்று நீயே சொல்லிக் கொடுத்தாய். நான் பல வருடம் கழித்து உன்னைப் பார்க்க வந்தபோது, திருப்பனந்தாள் பக்கத்திலிருந்துகூட ஒருவர் வண்டி வைத்துக்கொண்டு வந்து வரப்பில் காத்திருந்தார். "இருங்கண்ணே, எங்க வீட்டு விஞ்ஞானி வந்திருக்கா, சோறு போட்டுட்டு வரேன்" என்றாய். மீன்குழம்பு ஊற்றினாய். உன் சொந்தத் தோப்பைச் சுற்றிக் காட்டினாய். ஐந்தடி இடைவெளி, நாம் சொன்ன கணக்குப்படியே. பெருத்த மரத்துக்கு இரண்டு தட்டு தட்டினாய்.

கிளம்பும் நேரத்தில் அலமாரியிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்தாய். கன்று வாங்க வருகிறவர்களுக்குக் காட்டிக் காட்டி ஓரமெல்லாம் மடங்கிக் கிழிந்திருந்தது. "இத வச்சுத்தான்டி எனக்குப் பொழப்பே ஓடுது. எல்லாம் சரியா எழுதியிருக்க. ஒரே ஒரு வார்த்ததான்" என்றாய்.

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். விமானம் மறுநாள்தான். உனக்கும் தெரியும், டிக்கெட்டை அலமாரி மேல் வைத்துவிட்டுத்தானே சாப்பிட உட்கார்ந்தேன். நீ புத்தகத்தை மறுபடி உள்ளே வைத்துவிட்டு, வாசல்வரை வந்து, "பாத்துப் போ. அந்தக் குளுருல தலைக்கு எதையாவது கட்டிக்க" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனை முறை போனில் பேசினோம்! உன் மகள் படிப்பு, என் முட்டிவலி, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், புயலில் எத்தனை மரம் சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்றுதான் எண்ணை அழுத்துவேன். அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டேன். உனக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்த பிறகும் தள்ளிப்போட்டேன். இருக்கும்போது நாக்கு எழவில்லை, இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறேன் பார். கோழை என்றால் இதுதான்.

நேற்று உன் மகளிடம் ஒன்று கேட்டேன். கேட்கக் கூடாததோ என்னவோ, கேட்டுவிட்டேன். "அம்மா பந்தலுக்குக் கால் எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம தோப்புலதான் பெரியம்மா. அம்மா கையால அளந்து வளத்த மரம். தெருப் பசங்க வெட்டிட்டு வந்தாங்க."

"கேட்டாங்களா?"

"என்ன பெரியம்மா இப்புடி கேக்குறீங்க. சாவுக்கு யாராவது கேப்பாங்களா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு நிறைய நேரம் அழுதேன்.

இங்கே என்னோடு வேலை செய்யும் இளையவர்களுக்கு ஒரு குறை உண்டு. நான் தயாரிக்கும் அளவுத் தாளில் மட்டும் கடைசியில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும்: மரம் இல்லையென்றால், ஏன் இல்லை. பனியா, பூச்சியா, காற்றா, மானா, மனிதனா, மனிதனென்றால் எதற்கு என்று எழுதியே ஆக வேண்டும். காலி விட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், ஊரில் ஒரு சிநேகிதி சொன்னாள் என்பேன். அந்தச் சிநேகிதிக்கு மட்டும் அந்தக் கட்டத்தை நான் ஒழுங்காக நிரப்பவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலையில் என் பெட்டியிலிருந்த அந்தச் சிறு புத்தகத்தின் பிரதியை எடுத்தேன். திருட்டு என்ற அந்த வரியை அடித்து, கீழே வேறு எழுதினேன். புத்தகத்தை வெளியிட்ட அலுவலகத்துக்கும், எனக்கு இடம் கொடுத்த கல்லூரிக்கும், அடித்துவிட்டு எழுதியதை அப்படியே தட்டச்சு செய்து என் கையெழுத்தோடு அனுப்பிவிட்டேன். இத்தனை காலம் கழித்து இது எதற்கு என்று அவர்கள் நினைக்கலாம். நினைக்கட்டும். உன் மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் இருக்கும் கிழிந்த புத்தகத்தில், அந்தப் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். கன்று வாங்க வருகிறவர்கள் இனி இதைத்தான் படிப்பார்கள்:

"ஐந்து மரங்கள் இல்லை. காரணம்: மழையில் ஒரு சாவு வீட்டுப் பந்தலுக்குக் கால்களாக வெட்டப்பட்டன. சாவுக்குக் கேட்காமல் வெட்டுவது அந்த ஊரின் முறை. இது திருட்டு அல்ல. அளவெடுத்த அன்று இதை எழுதியவள் அங்கே இல்லை. இருந்ததாகப் போட்ட கையெழுத்து பொய். 63ஆம் எண் மரத்தில் அவளும் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்."

மன்னிச்சிடுடி.

தகட்டை என் அளவு நாடாவின் வளையத்தில் கட்டிவிட்டேன். நீ முறுக்கிய கம்பியை அவிழ்க்கவில்லை, அதன் மேலேயே புதுக் கம்பி போட்டேன். நாளைக்குக் காட்டில் அளவெடுப்பு. ஒவ்வொரு மரத்தைச் சுற்றும்போதும் அது பட்டையில் மோதி ஒரு சத்தம் வரும். நன்றாகப் பருத்த மரமென்றால் இரண்டு முறை தட்டுவேன்.